பேத்தி எந்த மாநிலம்?

போன மாதம் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில் பழைய நண்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். பேரன் பத்தாவது முடித்துவிட்டானாம். "சார், உங்க பேத்திய நெல்லூர்ல இன்டர் படிக்க வச்சீங்களே, நல்லாயிருக்குதா? நாங்களும் அங்கயே சேர்த்துடலாம்னு இருக்கிறோம்" என்றார். டீ ஆறி ஆடை கட்டும் வரை அவரை நான் விடவில்லை. அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நம்ம வயசுக்காரர்களுக்கு இந்த ரேங்க், கட் ஆஃப் எல்லாம் எதற்கு என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் இந்தக் காரியத்தில் பெரிய தப்பைச் செய்தது பேத்தியும் இல்லை, பிள்ளையும் இல்லை. நான்தான்.

என் பழைய பதிவுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், நான் தபால் துறையில் 38 வருஷம் குப்பை கொட்டியவன். அதில் பாதிக்கு மேல் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் என்று இந்த ரயில் பாதையை ஒட்டியே போய்விட்டது. ஆரம்பாக்கம் ஸ்டேஷன்தான் தமிழ்நாட்டின் கடைசி. அடுத்தது தடா, ஆந்திரா. 1972 ஆகஸ்ட் 15ஆம் தேதி பின்கோடு முறை வந்தபோது எங்களுக்கு முதலில் மனப்பாடம் ஆனது இதுதான்: இந்தப் பக்கம் 6, அந்தப் பக்கம் 5. கும்மிடிப்பூண்டி 601201. தடா 524401. நடந்து போகிற தூரத்தில் இருக்கிற இரண்டு ஊர் என்றாலும் முதல் எண் மாறிவிட்டால் அந்தக் கடிதம் வேறு பைக்குள் போய்விடும். முகவரி எவ்வளவு தப்பாக இருந்தாலும் பார்த்த மாத்திரத்தில் 'இது நம்முது, இது அவங்களுது' என்று பிரித்துப் போடுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தில்தான் மண் விழுந்தது.

எல்லை விஷயம் எங்களுக்குப் புதிது இல்லை. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி ஆந்திராவிலிருந்து நம்மிடம் வந்தது. ம.பொ.சி.யின் போராட்டம் என்று எல்லோரும் அதை நினைவு வைத்திருக்கிறோம். அதே நாளில் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களைச் சேர்ந்த பல கிராமங்கள் நம்மிடமிருந்து ஆந்திராவுக்குப் போனதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. சத்தியவேடு பக்கம் அப்படிப் போனதுதான். என் அத்தையைக் கொடுத்த ஊர் அதில் ஒன்று. எனக்கு அப்போது ஏழு வயது. "ராத்திரி மெட்ராஸ் ஸ்டேட்ல படுத்தேன், காலையில ஆந்திராவுல எழுந்தேன், மாடு அதே எடத்துலதான் கட்டியிருந்தது" என்று அத்தை சாகும் வரை சொல்லிச் சிரிப்பாள். சிரிப்போடு போச்சு. ஆனால் அவள் பிள்ளைகள் தெலுங்கில் படித்தார்கள், நாங்கள் தமிழில் படித்தோம்.

இன்னொரு பழைய கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் பி.யு.சி. முடித்தபோது இன்ஜினியரிங்குக்கு விண்ணப்பம் போட்டேன். அந்தக் காலத்தில் ஆர்.இ.சி. என்றால் பெரிய பெயர். 1959இல் வாரங்கலில் நேரு அடிக்கல் நாட்டியது முதல் கல்லூரி. பிறகு சூரத்கல், கள்ளிக்கோட்டை, 1964இல் திருச்சி துவாக்குடி என்று ஒவ்வொன்றாக வந்தன. மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து நடத்திய கல்லூரிகள். பாதி இடம் அந்த மாநிலப் பிள்ளைகளுக்கு, மீதிப் பாதி பிற மாநிலங்களுக்கு. நாட்டின் பல பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே விடுதியில் சோறு தின்ன வேண்டும் என்பது அன்றைய எண்ணம். வேறு மாநில ஆர்.இ.சி.க்குப் போகச் சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். என் அப்பா நிலத்தில் வேலை செய்கிறவர். மதராஸ் தாண்டிப் போனதில்லை. "அங்க காய்ச்சல் வந்தா யார்டா பார்ப்பா? வேணாம்னு எழுது" என்றார். எழுதினேன். திருச்சிக்கு என் மார்க் போதவில்லை. வேறு எங்கும் நான் கேட்கவில்லை. அந்த வருஷமே தபால் இலாகா பரீட்சை எழுதினேன். அப்பாவைக் குறை சொல்லவில்லை. அந்த வேலைதான் எங்கள் எல்லோருக்கும் சோறு போட்டது. ஆனால் 'வேணாம்' என்று எழுதிய அந்தப் பேனா இன்னும் என் ஞாபகத்தில் இருக்கிறது.

இப்போது 2021க்கு வருவோம். கொரோனா வருஷம். பத்தாம் வகுப்புக்குப் பரீட்சையே இல்லை, எல்லோரும் பாஸ் என்று அறிவித்தார்கள். பேத்தியின் சான்றிதழில் 'தேர்ச்சி' என்று மட்டும் இருந்தது, மதிப்பெண் கிடையாது. நன்றாகப் படிக்கிற பெண். ஒரு வருஷம் முழுக்கச் செல்போனில் பாடம் கேட்டு நொந்து போயிருந்தாள். என் மகன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். அவனோடு வேலை செய்கிற தெலுங்குக்காரர் ஒருவர், தன் பிள்ளையை நெல்லூரில் ஒரு ஜூனியர் காலேஜில் விடுதியோடு சேர்த்திருப்பதாகவும், இன்டர் பாடத்தோடு ஜே.இ.இ. பயிற்சியும் சேர்த்தே கொடுக்கிறார்கள் என்றும் சொன்னார். இங்கிருந்து 130 கிலோமீட்டர் இருக்கும். மகன் தயங்கினான். மருமகள் அழுதாள். நான்தான் நடுவில் உட்கார்ந்து, "காய்ச்சல் வந்தா அங்க டாக்டர் இல்லையா?" என்று கேட்டேன். ஐம்பது வருஷம் கழித்து அப்பாவுக்குச் சொன்ன பதில் அது என்று இப்போது புரிகிறது.

சேர்க்கும்போது குரூப் என்ன என்று கேட்டார்கள். எம்.பி.சி. என்றாள் பேத்தி. என் மனைவி பதறிப்போய், "நாம எம்.பி.சி. இல்லியே, பி.சி. தானே, மாத்தி எழுதிடப் போறாங்க" என்றாள். அங்கே எம்.பி.சி. என்றால் மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி. இரண்டு வருஷம் இதைச் சொல்லியே ஆயாவைக் கிண்டல் செய்துகொண்டிருந்தாள் பேத்தி.

2023 ஏப்ரல் கடைசியில் ஜே.இ.இ. மெயின் ரிசல்ட் வந்தது. பொதுப் பட்டியலில் முப்பத்தோராயிரத்துச் சொச்சம். எனக்கு முகம் விழுந்துவிட்டது. முப்பதாயிரம் பேருக்குப் பின்னால் நிற்கிற பெண்ணுக்கு யார் இடம் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். பேத்தி சிரித்தாள். "தாத்தா, எழுதினது பதினோரு லட்சம் பேர்" என்றாள்.

நம்மிடம் வேலை இல்லாத நேரம் நிறைய இருக்கிறதே. ஃபுல்ஸ்கேப் தாளில் கோடு போட்டு உட்கார்ந்துவிட்டேன். என்.ஐ.டி., ஐ.ஐ.டி., ஐ.ஐ.ஐ.டி. சேர்க்கை எல்லாம் 2015 முதல் ஜோசா என்ற ஒரே கவுன்சலிங்கில்தான் நடக்கிறது. போன வருஷம் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த ரேங்க் வரை இடம் கிடைத்தது என்பதை ஒவ்வொரு சுற்றுக்கும் அவர்களே வெளியிடுகிறார்கள். ஒளிவு மறைவு எதுவும் இல்லை. பேத்தி அதை எடுத்துக் கொடுத்தாள், நான் தாளில் ஏற்றினேன். பழைய ஆர்.இ.சி.தான் 2002, 2003 வாக்கில் என்.ஐ.டி. ஆகிவிட்டது. பெயர் மாறினாலும் அந்தப் பாதிக்குப் பாதி கணக்கு மாறவில்லை. பட்டியலில் ஹெச்.எஸ். என்று ஒரு வரி, ஓ.எஸ். என்று ஒரு வரி. ஹோம் ஸ்டேட், அதர் ஸ்டேட். மத்திய அரசுக் கல்லூரி என்பதால் கட்டணத்தில் இரண்டு பேருக்கும் வித்தியாசம் கிடையாது. அமெரிக்காவில் அப்படி இல்லையாம். என் தம்பி மகன் டெக்சாஸில் இருக்கிறான். அங்கே ஆஸ்டினில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு இடங்களில் 90 சதவீதம் டெக்சாஸ் பிள்ளைகளுக்கு. வெளி மாநிலப் பிள்ளைக்கு இடம் கிடைப்பதும் கஷ்டம், கிடைத்தால் பீஸும் பல மடங்கு.

முதல் நாளே ஒரு தப்பு செய்தேன். பட்டியலில் ஓ.பி.சி. வரியில் இருந்த எண்களோடு பேத்தியின் 31 ஆயிரத்தை ஒப்பிட்டேன். எங்கேயும் கிட்டக்கூட வரவில்லை. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் போனில் சொன்னதும், "தாத்தா, அந்த வரியில இருக்கிறது ஓ.பி.சி.காரங்களை மட்டும் தனியா வரிசைப்படுத்தின ரேங்க். என் ஸ்கோர் கார்டுல அது தனியா இருக்கு பாருங்க" என்றாள். பார்த்தேன். ஒன்பதாயிரத்து முந்நூறு சொச்சம். பொது வரியோடு பொது ரேங்க், ஓ.பி.சி. வரியோடு ஓ.பி.சி. ரேங்க். இதை யாராவது ஒருவர் எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு வேளைச் சோறு மிச்சமாகியிருக்கும். அதில் இன்னொரு வரி பெண்களுக்கு மட்டும் என்று இருக்கிறது. 2018 முதல் பெண் பிள்ளைகளுக்காகக் கூடுதல் இடங்களை ஏற்படுத்தியிருக்கிறார்கள். அந்த வரியில் கடைசி ரேங்க் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும்.

இப்போது என் தாளைத் திருத்தினேன். திருச்சி, ஹெச்.எஸ்., ஓ.பி.சி., பெண்கள். விரலை வைத்து இறக்கிக்கொண்டே வந்தேன். ஒன்றுக்கு மூன்று பிரிவில் பேத்தியின் எண் உள்ளே விழுந்தது. மூன்று வருஷத்துப் பட்டியலைப் பார்த்தேன். மூன்றிலும் விழுந்தது. திருச்சி! என்.ஐ.டி.க்களில் முதலிடம் என்று வருஷா வருஷம் பேப்பரில் போடுகிற திருச்சி. நான் ஐம்பது வருஷம் முன்னால் எட்டாத துவாக்குடி. மனைவியிடம் சொன்னேன். மகனிடம் சொன்னேன். மகன் கம்பெனியில் சொன்னான். கோயிலில் அர்ச்சனை செய்தாள் மருமகள். நான் சும்மா இருக்காமல் ரெண்டு பழைய போஸ்ட்மேன்களுக்கும் போன் செய்து சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து பேத்தி வீட்டுக்கு வந்தாள். தாளைப் பெருமையாக விரித்து வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "தாத்தா, இது ஹெச்.எஸ். வரி" என்றாள்.

"ஆமாம்மா, நமக்கு அதுதானே."

"எனக்கு ஹோம் ஸ்டேட் ஆந்திரா, தாத்தா."

நான் நம்பவில்லை. இவள் பிறந்தது பொன்னேரியில். ரேஷன் கார்டு இங்கே, ஆதார் இங்கே, இவள் அப்பன் ஓட்டுப் போடுவது கும்மிடிப்பூண்டியில். பத்தாவது வரை படித்ததும் இங்கே. அவள் பொறுமையாக விதியை எடுத்துக் காட்டினாள். பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்தில் படித்துத் தேர்ச்சி பெற்றாரோ, அந்த மாநிலம்தான் ஹோம் ஸ்டேட். பிறந்த ஊர், அப்பா அம்மா ஊர், ரேஷன் கார்டு எதற்கும் அங்கே வேலை இல்லை. ஜே.இ.இ. விண்ணப்பத்திலேயே 'ஸ்டேட் கோட் ஆஃப் எலிஜிபிலிட்டி' என்று ஒரு கட்டம் இருக்கிறதாம்.

"நான் அந்தக் கட்டத்துல அப்பவே ஆந்திரான்னுதான் போட்டேன். உங்களுக்கெல்லாம் தெரியும்னு நெனச்சேன்" என்றாள்.

யாருக்கும் தெரியாது. மகன் நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. "நைனா, சேர்க்கும்போது யாருமே சொல்லலியே" என்றான். அந்தக் காலேஜ்காரர்கள் ஏன் சொல்ல வேண்டும்? அவர்களிடம் படிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆந்திரப் பிள்ளைகள். அவர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. கேட்க வேண்டியவன் நான். அனுப்பு என்று சொன்னவன் நான். முகவரி பார்த்துப் பிரிக்கிற வேலையில் 38 வருஷம் இருந்தவன், சொந்தப் பேத்தியை 5ஆம் எண் பையில் போட்டுவிட்டு 6ஆம் எண் பையில் தேடிக்கொண்டிருந்தேன்.

ஓ.எஸ். வரியில் விரலை வைத்தேன். திருச்சியில் கடைசி ரேங்க் அவள் எண்ணுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. ஒரே ஒரு பிரிவில் மட்டும் ஒரு வருஷம் தொட்டுக்கொண்டு போயிருந்தது.

ஏன் இந்த இரண்டு வரிக்கும் இவ்வளவு தூரம் என்று பிறகு யோசித்தேன். கம்ப்யூட்டர் மாதிரி எல்லோரும் கேட்கிற பிரிவில் திருச்சியின் ஹெச்.எஸ். கடைசி ரேங்க், ஓ.எஸ். ரேங்கைவிடப் பல மடங்கு தள்ளி இருக்கும். காரணம் நம்ம ஊர் வழக்கம்தான். இங்கே 1984 முதல் இருந்த நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டு, 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இன்ஜினியரிங் சேர்க்கிறோம். அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு ஜே.இ.இ. தேவையில்லை. அதனால் நம்ம பிள்ளைகளில் நிறையப் பேர் ஜே.இ.இ. பக்கமே போவதில்லை. ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் ஆறாம் வகுப்பிலிருந்தே அதற்குத் தயார் செய்கிற குடும்பங்கள் உண்டு. ஆக, திருச்சியின் தமிழ்நாட்டு வரியில் கூட்டம் குறைவு. நாங்கள் நல்ல பயிற்சி வேண்டும் என்று கூட்டம் குறைந்த வரிசையை விட்டு வெளியே வந்து, கூட்டம் அதிகமான வரிசையின் கடைசியில் நின்றோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மூன்று அரசாங்கத்துக்கு மூன்று கணக்கு. ஜோசாவுக்கு அவள் ஆந்திரப் பெண். சரி, ஆந்திராக்காரர்களாவது அவளைத் தங்கள் பெண் என்று ஒப்புக்கொள்கிறார்களா? அதுவும் இல்லை. அவர்களுடைய மாநில நுழைவுத் தேர்வில் உள்ளூர் ஆள் என்று சொல்லவேண்டுமானால் பொதுவாக நாலு வருஷம் தொடர்ந்து அந்தப் பகுதியில் படித்திருக்க வேண்டும். இவள் படித்தது இரண்டு. நம்ம தமிழ்நாட்டு கவுன்சலிங்கிலோ, எட்டு முதல் பன்னிரண்டு வரை இங்கே படித்த பிள்ளைக்குத் தனியாக எதுவும் வேண்டாம். வெளியே படித்த தமிழ்நாட்டுப் பிள்ளை நேட்டிவிட்டி சர்டிபிகேட் வைத்தால் போதும். அதை வாங்கி வைத்தோம். அங்கே மட்டும் அவள் எங்கள் ஊர்ப் பெண்.

ஸ்ரீசிட்டியில் ஐ.ஐ.ஐ.டி. இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அது முழுக்க அகில இந்திய வரி. பக்கத்து வீட்டுக்காரனுக்கும் காஷ்மீர்க்காரனுக்கும் ஒன்றுதான். மேலக்கோட்டையூரில் இருக்கிற ஐ.ஐ.ஐ.டி.டி.எம். காஞ்சிபுரமும் அப்படியே. ஐ.ஐ.டி.க்கும் மாநில வரி கிடையாது. காரைக்காலில் இருப்பது என்.ஐ.டி. புதுச்சேரி. சுற்றிலும் தமிழ்நாடு. ஆனால் நாகப்பட்டினத்துப் பையன் அங்கே பிற மாநிலம்.

சரி, புலம்பி என்ன செய்வது. தாளைத் திருப்பிப் போட்டுப் புதிதாகக் கோடு போட்டேன். நாட்டில் 31 என்.ஐ.டி. தமிழ்நாட்டில் படித்திருந்தால் அவளுக்குத் திருச்சி ஒன்று மட்டும் ஹெச்.எஸ்., மற்ற முப்பதும் ஓ.எஸ். சூரத்கல்லோ கள்ளிக்கோட்டையோ எப்படியும் வெளி மாநிலம்தான். அங்கே இழப்பு ஒன்றும் இல்லை. ஆந்திரா என்று ஆனதால் திருச்சி போய், அந்த இடத்துக்குத் தாடேபள்ளிகூடம் வந்திருக்கிறது. 2015இல் தொடங்கிய என்.ஐ.டி. ஆந்திரா அங்கேதான். பெயரே எங்கள் வீட்டில் யாருக்கும் வாயில் நுழையவில்லை. என் மனைவி கடைசி வரை 'தாடிப்பள்ளி' என்றுதான் சொன்னாள். ஆனால் அந்த ஹெச்.எஸ். வரியில் பேத்தியின் எண் நன்றாகவே உள்ளே இருந்தது.

நடுவில் ஓ.பி.சி. சான்றிதழில் ஒரு ஓட்டம். தமிழ்நாட்டு பி.சி. சான்றிதழ் இங்கே செல்லாது. மத்தியப் பட்டியல்படி கிரீமி லேயரில் வராதவர் என்று தனியாக வாங்க வேண்டும். எங்களிடம் இருந்தது போன வருஷம் வாங்கியது. அந்த வருஷம் ஏப்ரல் 1ஆம் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்று விதி. இ-சேவை மையத்துக்கு மகன் நாலு நடை நடந்தான். அது கைக்கு வரவில்லை என்றால் ஒன்பதாயிரமும் கிடையாது, 31 ஆயிரம்தான்.

விருப்பப் பட்டியல் போடும்போது வீட்டில் சண்டை. மகன், "கிடைக்காத திருச்சிய எதுக்கு மேல போடுற? கிடைக்கிறத முதல்ல போடு" என்றான். பேத்தி மாட்டேன் என்றாள். அவள் சொன்னதுதான் சரி என்று படித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். மேலே இருப்பது கிடைக்காவிட்டால் கீழே இருப்பது கெட்டுப்போகாது. கிடைப்பதை மேலே போட்டுவிட்டால்தான் அதற்கு மேல் இருப்பது போய்விடும். மனசுக்குப் பிடித்த வரிசையில் எழுத வேண்டும், கிடைக்கும் என்ற வரிசையில் எழுதக் கூடாது. அவள் முதலில் திருச்சியின் அத்தனை பிரிவையும் எழுதினாள். நூற்றுக்கு மேல் வரிகள் எழுதினாள். ஒவ்வொன்றும் எந்த மாநிலம், ரயில் உண்டா என்று நான் பார்த்துச் சொன்னேன். என் அப்பா செய்யாத வேலை அது.

அந்த வருஷம் ஆறு சுற்று. முதல் சுற்றில் தாடேபள்ளிகூடத்தில் மெக்கானிக்கல் வந்தது. 'ஃப்ளோட்' என்று கொடுத்தாள். அதாவது, இந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறேன், மேலே காலியானால் மாற்றுங்கள் என்று அர்த்தம். சுற்றுக்குச் சுற்று கடைசி ரேங்க் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஐ.ஐ.டி.க்கோ வேறு எங்கோ போகிறவர்கள் விட்டுப்போகிற இடங்கள். முதல் சுற்றைப் பார்த்து மனசு உடைவதும் தப்பு, கடைசிச் சுற்று எண்ணைப் பார்த்து முதல் சுற்றிலேயே எதிர்பார்ப்பதும் தப்பு. மூன்றாவது சுற்றில் எலக்ட்ரிகல் ஆயிற்று. நாலு, ஐந்து, மாற்றமில்லை. ஆறாவது சுற்றில் திருச்சியின் அந்த ஒரு பிரிவு, அவளுக்கு நூற்றுச் சொச்சம் ரேங்க் முன்னால் நின்றுவிட்டது.

அவளோடு பத்தாவது வரை ஒரே வகுப்பில் படித்த பையன் ஒருவன், இங்கேயே பிளஸ் டூ படித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னைக்குப் பயிற்சிக்குப் போய் வந்தவன். அவனும் ஓ.பி.சி. ரேங்க் இவளுக்குப் பின்னால். அவனுக்குத் திருச்சியில் புரொடக்ஷன் இன்ஜினியரிங் கிடைத்தது, ஹெச்.எஸ். வரியில். அவன் அம்மா எங்கள் வீட்டுக்கு ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவந்தார். பேத்திதான் கதவைத் திறந்து வாங்கினாள். "கங்கிராட்ஸ் சொல்லுங்க ஆண்ட்டி" என்றாள். உள்ளே வந்து பாக்ஸை மேஜையில் வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனாள். ரொம்ப நேரம் தண்ணீர் சத்தம் கேட்டது. நான் வாசலில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு எழுத்துகூடப் படிக்கவில்லை.

சாயங்காலம் அவளிடம், "தாத்தாதான்மா உன்னைக் கெடுத்தேன்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "இங்கயே இருந்திருந்தா இந்த ரேங்க் வந்திருக்குமான்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. விடுங்க." அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்தப் பையனுக்கு வந்ததே என்று என் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. இன்றைக்கும் சில சமயம் சொல்லும்.

இப்போது இரண்டு வருஷம் முடித்துவிட்டாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் போகிற ஹவுரா பாதையில்தான் தாடேபள்ளிகூடம் இருக்கிறது. அவள் ஏறுகிற வண்டி இங்கே நிற்காது. சென்னைக்குப் போய் ஏறி, அரை மணி, முக்கால் மணி நேரத்தில் எங்கள் வீட்டைத் தாண்டிப் போவாள். "கும்மிடிப்பூண்டி வருது, கை காட்டுறேன்" என்று போன் செய்வாள். மொட்டை மாடியில் நின்று நாங்களும் கை காட்டுவோம். எந்தப் பெட்டி என்று ஒரு தடவையும் தெரிந்ததில்லை.

இதையெல்லாம் டீக்கடை நண்பரிடம் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். நெல்லூருக்கு அனுப்பாதே என்று நான் சொல்லவில்லை. பிளஸ் ஒன் எங்கே சேர்க்கிறீர்களோ, அன்றைக்கே பையன் எந்த வரியில் நிற்கப் போகிறான் என்பது முடிவாகிவிடுகிறது, அதைத் தெரிந்துகொண்டு அனுப்பு என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பேரனோடு பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

நேற்று போன் செய்தார். நெல்லூரில் பணம் கட்டிவிட்டார்களாம்.

"என்ன சார், அவ்வளவு சொன்னேனே" என்றேன்.

"பேரன்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன் சார். அவன் திருச்சியெல்லாம் வேணாமாம், ஐ.ஐ.டி.தானாம். அதுக்கு மாநிலமே கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார்.